கிணற்றில் ஒரு புள்ளி

அன்புள்ள தம்பிக்கு,

படம் வந்து சேர்ந்தது. கறுப்புக் கிண்ணம், மேலே பூவிதழ் மாதிரி விரித்து அடுக்கிய பன்றிக்கறி, நடுவில் பச்சை மஞ்சள் கரு, ஓரத்தில் எள். படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சோறு எங்கே? கறிக்கு அடியில் எங்கேயோ ஒளிந்து கிடக்கிறது. ஜப்பானியக் கிண்ணச் சோற்றில் புதிதாகக் கை வைக்கும் எல்லாரும் இடறுகிற இடம் இது. மேலே இருப்பதைச் சமைக்கிறார்கள். கீழே இருப்பதை வேகவைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஜப்பானில் கிண்ணத்துக்கும் 'டொன்புரி' என்றுதான் பெயர், அதில் வரும் சாப்பாட்டுக்கும் அதே பெயர்தான். பேச்சில் 'டொன்' என்று சுருங்கும். எழுதுவதற்கு ஒரே எழுத்து போதும். குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு போட்டால் கிணறு. அதன் நடுவே ஒரு புள்ளி வைத்தால் டொன்புரி. கிணற்றில் கல் விழுந்த சத்தம்தான் பெயராகிவிட்டது என்று ஒரு கதை சொல்வார்கள். கதையை நம்பினாலும் நம்பாவிட்டாலும் எழுத்தின் வடிவத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. கண் போக வேண்டியது கிணற்றின் அடிக்கு.

படத்தில் இருப்பது 'புதாடொன்', அதாவது பன்றிக்கறிக் கிண்ணம். இதற்கு ஊர் உண்டு. ஹொக்காய்டோ தீவின் தொகாச்சி சமவெளியில் உள்ள ஒபிஹிரோ. 1883இல் யோதா பென்சோ என்பவர் 'பன்செய்ஷா' என்ற குடியேற்றக் குழுவை அழைத்துக்கொண்டு அந்தக் காட்டுக்குப் போனார். 13 குடும்பங்கள், 27 பேர். அவர்களோடு பன்றிகளும் போயின. உறைபனி ஒரு பக்கம், வெட்டுக்கிளி ஒரு பக்கம், விதைத்தது வீடு வந்து சேரவில்லை. அந்தப் பஞ்ச காலத்தைப் பற்றி யோதா எழுதிய சிறு கவிதையின் நினைவாக, ஒபிஹிரோவின் ரொக்காதெய் இனிப்புக்கடை பானை வடிவத்தில் ஒரு பலகாரம் செய்து இன்றும் விற்கிறது. பட்டினியை நினைவூட்டும் இனிப்பு. அந்த ஊரின் குணம் அதிலேயே தெரிந்துவிடும்.

புதாடொன் பிறந்தது அதற்கு அரை நூற்றாண்டு கழித்து. 1933இல் ஒபிஹிரோவில் 'பஞ்சோ' என்ற கடையைத் திறந்த அபே என்பவர், விலாங்கு மீன் சுடும் முறையைப் பன்றிக்கறிக்குக் கொண்டுவந்தார். விலாங்கைப் பிளந்து, சோயா சாஸும் மிரின் என்ற இனிப்பு அரிசி மதுவும் கலந்த இனிப்புச் சாறில் முக்கி முக்கிக் கரி நெருப்பில் வாட்டுவது எடோ காலத்திலிருந்து வரும் வழக்கம். ஆனால் விலாங்கு விலை கூடியது. மண் வெட்டி மரம் இழுத்துவிட்டு வருகிறவனுக்கு எட்டாது. தொகாச்சியில் கைக்கு எட்டியது பன்றி. மீனின் இடத்தில் கறி வந்தது. சாறும் கரி நெருப்பும் அப்படியே இருந்தன. இனிப்புக்கும் அங்கே பஞ்சமில்லை. சர்க்கரை எடுக்கும் வெள்ளை பீட்ரூட் ஜப்பானில் விளைகிற இடம் ஹொக்காய்டோதான்.

இந்த வரலாறு சமையலுக்கு எதற்கு என்று தோன்றலாம். விலாங்குக் கிண்ணத்தை ஒரு தடவை சாப்பிட்டவருக்கு விளங்கும். அங்கே மீன் எவ்வளவு முக்கியமோ, மீனிலிருந்து வழிந்து சோற்றில் இறங்கிய சாறும் அவ்வளவு முக்கியம். மீன் தீர்ந்த பிறகும் சோறு ருசிக்கும். புதாடொன் அந்த வயிற்றில் பிறந்த பிள்ளை.

ஆகவே முதலில் அரிசி. ஜப்பானியக் குட்டை அரிசியில் அமிலோஸ் என்கிற மாவுச்சத்து குறைவு. அதனால் வெந்த பருக்கைகள் ஒன்றையொன்று லேசாகப் பிடித்துக்கொள்ளும். பொன்னியிலும் பாஸ்மதியிலும் அது கூடுதல். பருக்கை பருக்கையாக உதிரும். குழம்பு விட்டுப் பிசைகிற கைக்கு உதிர்ந்த சோறு சரி. குச்சியால் அள்ளுகிறவருக்குச் சரிப்படாது. அதைவிடப் பெரிய சிக்கல், உதிரிச் சோற்றின் இடுக்கு வழியே சாறு நேராக அடிக்கு ஓடிவிடும். மேலே வெள்ளைச் சோறு, அடியில் உப்புக் குளம். அதற்காகக் குழைந்த சோறும் ஆகாது. சாறு உள்ளே நுழைய வழியில்லாமல் மேலேயே தேங்கி நிற்கும். பிடித்துக்கொள்ளவும் வேண்டும், இடைவெளியும் வேண்டும்.

ஹொக்காய்டோ அரிசிக்கு ஒரு காலத்தில் 'பறவை தாண்டிப் போகும் அரிசி' என்று கெட்ட பெயர் இருந்தது. கீழே கொட்டிக் கிடந்தாலும் பறவைகூடக் கொத்தாமல் கடந்து போகுமாம். 1980களின் கடைசியில் 'கிராரா 397' என்ற ரகம் வந்து அந்தப் பெயரைத் துடைத்தது. ஒட்டும் தன்மை அளவோடு இருந்ததால், சாறு ஊற்றினாலும் பருக்கை குழையாமல் நிற்கும். கிண்ணச் சோற்றுக்கு ஏற்ற அரிசி என்று பெயர் வாங்கியது. ஊரே ஏளனம் செய்த அரிசி, சாறு விழும் கிண்ணத்துக்குள் வந்ததும் தன் இடத்தைக் கண்டுகொண்டது.

அளவு இப்படி. ஜப்பானிய 'கோ' 180 மில்லி, நம் ஆழாக்குக்குச் சற்றே கூட. ஒரு கோ அரிசி 150 கிராம். வெந்தால் ஏறக்குறைய 330 கிராம் சோறு. இரண்டு பேருக்கு ஒன்றரை கோ போதும், ஆளுக்கு 250 கிராம் வரும். களையும்போது முதல் தண்ணீரை ஊற்றிய வேகத்திலேயே வடித்துவிட வேண்டும். காய்ந்த அரிசி முதலில் படும் தண்ணீரைத்தான் ஆவலாகக் குடிக்கும். தவிட்டு வாடையோடு குடிக்க விடக் கூடாது. பிறகு விரல் நுனியால் மெதுவாகச் சுழற்றி, மூன்று நான்கு தண்ணீர். கழுநீர் பளிங்கு மாதிரி தெளிய வேண்டும் என்பதில்லை. அடியில் அரிசி மங்கலாகத் தெரிந்தால் சரி. அரை மணி நேரம் ஊறட்டும். தண்ணீர், அரிசியின் கொள்ளளவைப் போல் 1.1 மடங்கு. வழக்கமான சோற்றைவிட ஒரு பொட்டு குறைவு, ஏனென்றால் மீதி ஈரம் சாறிலிருந்து வரப் போகிறது. அடி கனத்த பாத்திரத்தில் மூடி போட்டுக் கொதி வந்ததும், சிறு தீயில் பன்னிரண்டு நிமிடம், அணைத்து இன்னும் பத்து நிமிடம். குழந்தை அழுதாலும் மூடியைத் திறக்கக் கூடாது என்று அங்கே பாட்டிமார் சொல்வார்கள். திறந்த பிறகு அகப்பையால் அடியிலிருந்து வெட்டிப் புரட்டி ஆவியை வெளியேற்ற வேண்டும். நசுக்கக் கூடாது.

அடுத்தது சாறு, அவர்கள் மொழியில் 'தாரே'. இரண்டு பேருக்கு மூன்று மேசைக்கரண்டி சோயா சாஸ், இரண்டு சர்க்கரை, இரண்டு மிரின், இரண்டு சாகே என்கிற அரிசி மது. அவ்வளவுதான். இஞ்சி, பூண்டு, மிளகாய் எதுவும் கிடையாது. தமிழ்க் கைக்கு இந்த இடத்தில் அரிப்பு எடுக்கும். இஞ்சி பூண்டு விழுது டப்பாவைத் தேடிப் போகும். இஞ்சியோடு பன்றிக்கறி வேண்டுமென்றால் 'ஷோகாயாகி' என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதுவும் நல்ல சாப்பாடுதான். ஆனால் இது வேறு. மிரின் கிடைக்கவில்லையென்றால் அதற்குப் பதில் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் கொஞ்சம் தண்ணீரும் கூடுதலாகச் சேர்த்தால் போதும். வினிகர் கலந்து மிரின் 'தயாரிக்கும்' யோசனைகள் ஏராளமாக உலவுகின்றன. புளிப்புக்கு இந்தக் கிண்ணத்தில் வேலையே இல்லை. இன்னொரு எச்சரிக்கை: கடையில் 'டார்க்' என்று விற்கும் சோயா சாஸின் கறுப்பு, பெரும்பாலும் கேரமல் நிறம். நிறத்தைப் பார்த்துச் சாறு பதமாகிவிட்டது என்று ஏமாறாமல் நாக்கை நம்ப வேண்டும்.

கறிக்கு வருவோம். பஞ்சோவில் முதுகுப் பக்கத்துக் கறி. ஒபிஹிரோவின் வேறு சில கடைகளில் கொழுப்பும் சதையும் அடுக்கடுக்காக இருக்கும் வயிற்றுக் கறியும் கிடைக்கும். வீட்டில் தொடங்குகிறவருக்கு ஓரத்தில் விரல் அகலக் கொழுப்புள்ள முதுகுக் கறிதான் நல்லது. ஆளுக்கு 150 கிராம், கனம் நாலைந்து மில்லிமீட்டர். கடைக்காரர் அவ்வளவு மெல்லிசாக வெட்டித் தர மாட்டார். கட்டியை ஒரு மணி நேரம் உறைவிப்பானில் வைத்து, மேல்தோல் இறுகியதும் கூரான கத்தியால் வெட்டினால் சீராக வரும். கொழுப்பும் சதையும் சேரும் கோட்டில் மூன்று நான்கு இடத்தில் கத்தி நுனியால் கீறிவிட வேண்டும். அந்த நரம்பை விட்டுவைத்தால் சூட்டில் அது சுருண்டு, துண்டு குடை மாதிரி குவிந்து, ஓரம் மட்டும் வாணலியில் படும்.

ஊறவைக்க வேண்டாம். இதைத்தான் நம் ஊர்ச் சமையல்காரர் யாரும் எளிதில் ஒத்துக்கொள்வதில்லை. கறி என்றால் ஊற வேண்டும் என்பது நமக்கு ரத்தத்தில் ஊறிய சங்கதி. ஆனால் சோயா சாஸில் ஊறிய துண்டு வாணலியில் விழுந்ததும் தண்ணீர் விடும். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. கறி சிவக்காமல் அவியும். தண்ணீர் வற்றியதும் ஒட்டியிருக்கும் சர்க்கரை முந்திக்கொண்டு கருகும். வெளியே கரி, உள்ளே ரப்பர். இந்தக் கடிதத்தை எழுதுகிற கையின் முதல் கிண்ணம் அப்படித்தான் முடிந்தது. அன்றைக்கு வீட்டில் எல்லாரும் தயிர் ஊற்றிச் சாப்பிட்டு எழுந்தார்கள்.

கறியைத் துணியாலோ காகிதத்தாலோ ஒற்றி ஈரம் எடுத்து, விளிம்புள்ள இரும்பு வாணலியை நன்றாகக் காயவைத்து, முதலில் கொழுப்பு ஓரத்தை மட்டும் நிறுத்திப் பிடித்துத் தேய்த்தால் தேவையான எண்ணெயை அதுவே விடும். பிறகு துண்டுகளைப் படுக்கப் போடலாம். ஒன்றன் மேல் ஒன்று ஏறக் கூடாது. போட்டதும் சளசளவென்று கேட்கும் சத்தம் ஈரத்தின் சத்தம். ஒரு நிமிடம் கழித்து அது மெலிந்து, எண்ணெய் மட்டும் பொரிகிற சன்னமான சத்தமாக மாறும். திருப்ப வேண்டிய நேரம் அதுதான். கண்ணைவிடக் காது முன்னால் சொல்லிவிடும். இரண்டு பக்கமும் சிவந்ததும் தட்டுக்கு எடுத்துவிட வேண்டும். வாணலியில் நிற்கும் கொழுப்பைக் காகிதத்தால் ஒற்றி எடுக்க வேண்டும், முழுக்க அல்ல, ஒரு பளபளப்பு மிச்சம் இருக்கும்படி. கொழுப்பு தேங்கினால் சாறு கறியில் ஒட்டாது, வழுக்கி ஓடும்.

இப்போது சாறு வாணலிக்குள் போகிறது. இங்கே அவசரப்படாமல் நின்று பார்க்க வேண்டும். முதலில் நுரை சின்னச் சின்னதாக, வெளுத்து, சுறுசுறுப்பாகப் பொங்கும். அது சாகேயும் தண்ணீரும் ஆவியாகிற கட்டம். ஒரு நிமிடத்தில் குமிழிகள் பெரிதாகி, தேன் நிறம் ஏறி, சோம்பலாக வெடிக்கும். வாணலியைச் சாய்த்தால் சாறு ஓடாமல் நகரும். பலகாரம் செய்கிற வீட்டில் வளர்ந்தவருக்கு ஒரு வார்த்தை போதும்: பிசுக்குப் பதம். கம்பிப் பதத்துக்குப் போனால் ஆறியதும் கறி மேல் மிட்டாயாக இறுகிவிடும். பிசுக்குப் பதத்தில் கறியைத் தட்டில் விட்ட நீரோடு சேர்த்துத் திரும்பப் போட்டு, இரண்டு புரட்டு. அந்த நீர் சாறைச் சற்றே இளக்கும். சோற்றுக்குள் இறங்கத் தேவையான இளக்கம் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

கடைகளில் கம்பி வலையில் கறியைச் சுட்டு, சாறில் முக்கி, மறுபடி சுடுகிறார்கள். கொழுப்பு கரியில் சொட்டி எழும் புகை கறியிலேயே படியும். வாணலியில் அந்தப் புகை வராது. வராததை வரவழைக்கக் 'ஸ்மோக்' வாசனைப் புட்டி வாங்குவதைவிட, கடைசி அரை நிமிடம் தீயைக் கூட்டி ஓரங்களில் இரண்டு மூன்று கறுப்புப் புள்ளி விழவிடலாம். அந்தக் கசப்பு இல்லாவிட்டால் இனிப்பு திகட்டும்.

அடுக்குவது சுலபம். சோறு போட்டதும் அதன் மேல் இரண்டு தேக்கரண்டி சாறைச் சுற்றிவர விட வேண்டும். கறி அதற்குப் பிறகுதான். மீதிச் சாறை எல்லாம் கறி மேல் கவிழ்த்தால் படம் மின்னும், சாப்பாடு கரிக்கும். மேலே சில பச்சைப் பட்டாணி, பஞ்சோவில் அப்படித்தான். பட்டாணி எதற்கு என்று கேட்டால் பழுப்பு நிறத்தின் நடுவே ஒரு பச்சை வேண்டாமா என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதியை நூலாகச் சீவியும் போடுவார்கள். பக்கத்தில் இரண்டு துண்டு மஞ்சள் முள்ளங்கி ஊறுகாய், மிசோ சூப்.

படத்தில் இருந்த பச்சை மஞ்சள் கருவை மட்டும் எடுத்துவிடலாம். ஜப்பானில் முட்டைப் பெட்டியில் அச்சிடும் தேதி, எதுவரை பச்சையாகச் சாப்பிடலாம் என்பதற்கான தேதி; முட்டையைக் கழுவுவதிலிருந்து குளிரில் வைப்பதுவரை அதற்கென்றே ஓர் ஏற்பாடு அங்கே உண்டு. தெருமுனைக் கடையின் அட்டை முட்டைக்குப் பின்னால் அந்த ஏற்பாடு இல்லை. கறியிலும் அப்படித்தான். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் நயம் என்பது மாட்டுக்கறியின் பேச்சு. பன்றிக்கறியை முழுக்க வேகவைக்க வேண்டும். பச்சை மீனை ரசித்து உண்ணும் ஜப்பானே உணவகங்களில் பச்சைப் பன்றிக்கறி பரிமாறுவதை 2015 ஜூனில் சட்டம் போட்டுத் தடுத்தது. நடுப்பகுதி 75 டிகிரியில் ஒரு நிமிடம் என்பது அங்கே சொல்லும் அளவு. ஐந்து மில்லிமீட்டர் துண்டில் அதை எட்டுவது கஷ்டமேயில்லை.

பெயரில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். 2003 டிசம்பரில் அமெரிக்க மாடுகளிடையே பித்த மாட்டு நோய் தென்பட்டதும் ஜப்பான் அந்த மாட்டுக்கறி இறக்குமதியை நிறுத்தியது. மாட்டுக்கறிக் கிண்ணத்தையே நம்பியிருந்த யோஷினோயா சங்கிலிக் கடைகள் 2004 பிப்ரவரியில் அதை விற்பனையிலிருந்து எடுத்தன. அந்த இடத்தில் வந்தது பன்றிக்கறி. மெல்லிய சீவலை இனிப்புச் சாறில் வேகவைத்துச் சாறோடு சோற்றில் ஊற்றுகிற முறை அது. அதற்கும் புதாடொன் என்றே பெயர். மற்ற சங்கிலிகளும் இறங்கின. சுகியா 'தொன்டொன்' என்றது, மாட்சுயா 'புதாமேஷி' என்றது. நாட்டின் பாதிப் பேருக்குப் புதாடொன் என்றால் வேகவைத்த சீவல் என்றாகிவிட்டது. ஒபிஹிரோக்காரருக்கு இதில் வருத்தம் இருந்தால் நியாயம்தான். வேகவைத்த கிண்ணமும் மட்டமில்லை. மழை நாளில் அதுதான் நன்றாக இருக்கும். ஆனால் சுட்டதையும் வேகவைத்ததையும் பாதிப் பாதி கலந்து, சுட்ட கறி மேல் கரண்டி கரண்டியாகக் குழம்பு ஊற்றினால் இரண்டும் கெட்டுவிடும்.

புதாடொன் கைவந்த பிறகு 'கட்சுடொன்', அதாவது பொரித்த பன்றிக்கறிக் கிண்ணத்தின் பக்கம் போகலாம். டோக்கியோவில் கின்சாவின் ரெங்காதெய் உணவகம் 1899இல் பன்றிக்கறித் துண்டை ரொட்டித் தூளில் புரட்டி, டெம்புரா மாதிரி நிறைந்த எண்ணெயில் பொரித்து விற்கத் தொடங்கியது. கறியைப் பெரும்பாலும் ஒதுக்கிவந்த நாட்டில் பேரரசர் மெய்ஜி மாட்டுக்கறி சாப்பிட்டார் என்ற செய்தி வெளியானதே 1872இல்தான் என்பதை நினைத்தால், இந்தக் கிண்ணங்கள் எவ்வளவு இளையவை என்று புரியும். பொரித்ததைச் சோற்றின் மேல் வைத்து இனிப்புச் சாறும் முட்டையும் சேர்த்தது யார் என்பதில் பல ஊர்கள் உரிமை கொண்டாடுகின்றன. ஃபுகுய் நகரத்து 'யோரொப்பாகென்' மரபில் முட்டையே இல்லை. பொரித்த துண்டைச் சாஸில் முக்கி அப்படியே சோற்றில் வைப்பார்கள்.

முட்டை போட்ட கட்சுடொன்னைப் பார்த்ததும் புதியவர் கேட்பது, மொறுமொறுவென்று பொரித்ததை ஏன் சாறில் நனைத்துக் கெடுக்க வேண்டும் என்று. நியாயமான கேள்வி. நம் சாம்பார் வடையை நினைத்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஆனால் வடை முழுக்க ஊறும்; கட்சுடொன்னில் அடிப்பக்கம் மட்டும் ஊற வேண்டும், மேல்பக்கத்தில் கொஞ்சம் மொறுமொறுப்பு மிஞ்ச வேண்டும். அதனால்தான் ஓர் ஆளுக்கு ஒரு சின்ன வாணலி என்று தனித்தனியாகச் செய்கிறார்கள். வெங்காயம் வெந்த சாறு துண்டின் பாதி உயரத்துக்கு மேல் ஏறக் கூடாது. இரண்டு முட்டையை எட்டுப் பத்துத் தடவைக்கு மேல் அடிக்காமல், வெள்ளையும் மஞ்சளும் தனித்தனியாகத் தெரியும்படி, மூன்றில் இரண்டு பங்கை முதலில் ஓரமாகச் சுற்றி ஊற்றி, அது இறுகியதும் மீதியை ஊற்றுவார்கள். அங்கே இரண்டாவது ஊற்றைக் குழகுழவென்று விட்டு இறக்குவது வழக்கம். இங்கே இன்னும் ஒரு நிமிடம் மூடி வைப்பது நல்லது.

அடுத்த தடவை சமைத்த உடனே படம் எடுக்க வேண்டாம். சாப்பிட்டு முடித்த பிறகு கிண்ணத்தின் அடியை எடுத்து அனுப்பு. சாறு தேங்கி நிற்கிறதா, வெள்ளைச் சோறு மிச்சமிருக்கிறதா, ஒன்றிரண்டு பழுப்புப் பருக்கை மட்டும் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு எழுதலாம்.

அன்புடன்,
அடுப்படியில் மூத்த ஒருவர்

பி.கு.: என்றைக்காவது ஒபிஹிரோவுக்குப் போக வாய்த்தால் ஒரு விஷயம். ஜப்பானிய உணவகங்களில் தரத்தைப் பைன், மூங்கில், பிளம் என்று மூன்று மரங்களால் குறிப்பார்கள். பைன்தான் உசத்தி, பிளம் கடைசி. பஞ்சோவில் வரிசை தலைகீழ். பைனில் கறி குறைவு, மூங்கிலில் கூடுதல், பிளமில் அதைவிடக் கூடுதல். அதற்கும் மேலே 'மலர்' என்று ஒன்று. பிளம் மரத்துக்கு ஜப்பானிய மொழியில் 'உமே' என்று பெயர். கடையைத் தொடங்கியவரின் மனைவி பெயரும் அதுதான்.